முகத்துக்கு மூன்று பூச்சு

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் உப்புக் காற்றும் வெயிலும் தின்னாத முகம் கிடையாது. ஆனால் தன் முகத்தைப் பதினெட்டு அடி வள்ளமாகவே நினைத்து, வள்ளத்தைப் போலவே பராமரித்த மனிதர், எனக்குத் தெரிந்து, இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பிறைமர் அண்ணன்.

உள்துறைமுகத்தின் ஓரமாக, படகுகளைக் கட்டித் திருத்தும் தளம் ஒன்றில் நான் இரண்டு வருடம் அலுவலகப் பெண்ணாக வேலை பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். வள்ளங்களைப் பற்றி ஆங்கிலத்தில் கடிதம் எழுதிய முதல் ஆளும் நான்தான். எனக்கு முன்பு எங்கள் வீட்டார் வள்ளங்களில் ஏறி மீன் பிடித்ததோடு சரி. அந்தப் பெருமை என் கதிரையில் என்னோடு சேர்ந்தே உட்கார்ந்திருக்கும்.

பிறைமர் அண்ணன் அங்கே படகுகளுக்குப் பெயின்ற் அடிப்பவர். குச்சவெளியிலிருந்தும் திரியாயிலிருந்தும் வரும் பைபர் படகுகளைச் சுரண்டி, வெடிப்பு அடைக்கும் வெள்ளைப் பட்டி பூசி, சொரசொரப்பான அரத்தாளால் தேய்த்து, பிறகு பிறைமர் என்கிற முதல் பூச்சை அடித்து, அது காய்ந்த பிறகே பெயின்ற் தகரத்தைத் திறப்பார். பிறைமர் இல்லாமல் நிறம் பிடிக்காது என்பது அவருடைய மதம். பதினெட்டு வருடமாக நாட்கூலியாக இருந்தபடி அந்த மதத்தைப் பரப்பி வந்தார். அவருடைய சொந்தப் பெயர் என்னுடைய வரவுப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அவரே அதை மறந்திருக்கக் கூடும்.

எந்த விசயமானாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். இயந்திரம் திருத்தும் நசீர் நானா ஒரு நாள் பூரிப்போடு வந்தார்.

"மகளுக்கு ஒரு இடம் வந்திருக்கு. நாளைக்குப் போய் நேரா முடிவு சொல்லிட்டு வரப் போறன்."

"பிறைமர் அடிச்சதோ?"

"என்னத்தப்பா?"

"அக்கம்பக்கத்தில விசாரிச்சதோ எண்டு கேக்கிறன். நேரா நிறம் அடிச்சா உரிஞ்சு போகும், நானா."

புதுவருடத்தன்று மனேஜர் எங்களைக் கூட்டி, வணக்கம்கூடச் சொல்லாமல் இந்த வருடம் லீவு குறையும் என்று பேச்சைத் தொடங்கினார். பின்னாலிருந்து ஒரு குரல் அமைதியாகச் சொன்னது: "பிறைமர் இல்லாமத் தொடங்கிட்டார்."

இப்படிப்பட்டவர் தன்னுடைய முகத்தை மட்டும் எந்தப் பூச்சும் இல்லாமல் விட்டிருந்தார். பின்னேரம் வேலை முடிந்ததும் முகத்தில் பட்ட பெயின்றைத் தின்னர் நனைத்த துணியால் துடைப்பார். தின்னர் மணம் போக உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தைப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்கூடத் தொடாமல் சவரம் செய்து, எரிகிற ஸ்பிரிட் ஒன்றை அதன்மேல் அறைந்துகொள்வார். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். நெற்றி கறுப்பு, மூக்கு சிவப்பு, கன்னம் செதில் செதிலாகச் சாம்பல், தாடை ஒரு மாதிரிப் பச்சை. அந்தப் பச்சை மட்டும் படகுப் பெயின்ற்.

அந்த முகம் அப்படியே இருந்திருக்கும். மெசின் வந்துதான் எல்லாம் மாறியது.

முதலில் வந்தது விரல் அடையாள மெசின். முப்பது வருடம் அரத்தாள் பிடித்த விரல்களில் ரேகை என்று ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தார். மெசின் பத்தையும் மறுத்தது.

"என்னைப் பொலீசுக்குக்கூடப் பிடிக்க ஏலாது, பிள்ளை" என்றார். முகத்தில் ஒரு திருப்தி.

பெயின்ற் வேலைக்காரர் இன்னும் நாலு பேருக்கும் இதே நிலை என்பதால், மனேஜர் அதைக் கழற்றிவிட்டு முகம் பார்க்கும் மெசின் ஒன்றை வாசலில் பூட்டுவித்தார். முப்பத்தொரு பேரின் முகத்தையும் ஒரே நாளில் பதியும் பொறுப்பு எனக்கு. வரிசையில் நிற்கவைத்து, ஆளுக்கு அரை நிமிடம் என்று பதிந்து முடித்தேன். அந்த வேகத்தைப் பற்றி எனக்கு அப்போது பெருமை.

ஏழரை மணிக்கு அதன்முன் நின்றால், ஆளைத் தெரிந்தால் மெசின் பெண் குரலில் "தேங்க் யூ" என்று சொல்லும். தெரியாவிட்டால் "ட்ரை அகெய்ன்". வேறு யாரும் அதற்குப் பதில் சொன்னதில்லை. பிறைமர் அண்ணன் ஒவ்வொரு நாளும் "பரவாயில்லை பிள்ளை" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார். வாசலில் நின்ற ஒரு மானுக்கு அது "தேங்க் யூ" சொன்னதைத் தன் கண்ணால் பார்த்ததாக நசீர் நானா சத்தியம் செய்தார். எங்கள் ஊரில் மான்கள் கடைத்தெருவில் திரிவது உண்மை. மற்றதற்கு நான் பொறுப்பில்லை.

பிறகு அறிவித்தல் ஒன்று வந்தது. நாட்கூலிக்காரர்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள். முப்பது வேலை நாட்களுக்கு மெசின் வரவு பார்க்கப்படும். அதில் மூன்று நாளுக்கு மேல் தவறினால் பெயர் பட்டியலில் வராது. அடுத்த பட்டியல் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

முதல் கிழமையே பிறைமர் அண்ணனை மெசின் இரண்டு தடவை மறுத்துவிட்டது. இரண்டு நாளும் நல்ல மழை. மற்ற நாட்களில் ஆறரைக்கே வந்து ஒரு படகைத் தேய்த்துவிட்டு மெசினுக்கு வருகிறவர், மழை என்பதால் வீட்டிலிருந்து நேராக வந்திருந்தார். "ட்ரை அகெய்ன், ட்ரை அகெய்ன்" என்று அது சொல்லச் சொல்ல, அவர் தொப்பியைக் கழற்றினார், மூக்கைத் துடைத்தார், தன் பெயரைச் சொன்னார், தகப்பன் பெயரையும் சொன்னார்.

அன்று மத்தியானம் என் மேசைக்கு முன் வந்து நின்றார். கையில் தொப்பி.

"பிள்ளை, நீங்கள் படிச்சனீங்கள். இந்த முகத்துக்கு ஒரு வழி சொல்லுங்கோ."

"என்ன வழி அண்ணன்?"

"ஒரு நாளைக்குச் சிவப்பு, ஒரு நாளைக்குக் கறுப்பு, ஒரு நாளைக்கு உரியுது. மெசின் பாவம், அது எதை எண்டு ஞாபகம் வைக்கிறது? ஒரே மாதிரி நிக்கிற முகம் ஒண்டு வேணும். பதினெட்டு வருசம், பிள்ளை. இந்தப் பட்டியலை விட்டா எனக்குப் பிறகு வயசில்லை."

அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு அப்போது ஐம்பத்துமூன்று.

நான் இரண்டு நாள் வாசித்தேன். பாமசியில் வேலை செய்யும் பெண்ணிடமும் விசாரித்தேன். ஆண்களுக்கான முகப் பராமரிப்பு என்று பெரிய பெரிய பட்டியல்கள் இருந்தன. பத்துப் போத்தல் வாங்கச் சொன்ன பட்டியலும் உண்டு. அதையெல்லாம் சுருக்கி ஒரு அரைத்தாளில் தெளிவான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். காலையில், மென்மையான ஃபேஸ் வொஷ் போட்டுக் கழுவுதல்; தோல் இன்னும் லேசாக ஈரமாக இருக்கையில் மொயிஸ்சரைசர்; வெளியே இறங்கக் கால் மணி நேரத்துக்கு முன் சன் கிறீம், வெயிலில் நின்றால் இரண்டு மணிக்கொரு தடவை மறுபடியும். பின்னேரம், முகத்துப் பெயின்றைத் தேங்காயெண்ணெயால் துடைத்து, ஃபேஸ் வொஷ், திரும்ப மொயிஸ்சரைசர். தின்னரும் உடுப்புச் சவர்க்காரமும் ஸ்பிரிட்டும் முகத்தின் பக்கம் வரக் கூடாது. சவரம் செய்யும்போது முகம் நனைந்திருக்க வேண்டும், மயிர் வளரும் பக்கமாகவே இழுக்க வேண்டும். அவ்வளவுதான்.

தாளை இரண்டு தடவை வாசித்தார். முகம் மலர்ந்தது.

"விளங்கிட்டுது. முதல் சுரண்டுறது, பிறகு பிறைமர், பிறகு பெயின்ற்."

"கிட்டத்தட்ட" என்றேன்.

அந்த "கிட்டத்தட்ட" என்ற சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது.

அன்று பின்னேரமே பஸ் எடுக்கிற வழியில் அவரோடு பாமசிக்குப் போனேன். ஃபேஸ் வொஷ்ஷை முகர்ந்து பார்த்து ஒப்புக்கொண்டார். மொயிஸ்சரைசரைத் தகரத்துப் பெயின்றைக் கலக்குவது போல ஆட்டிப் பார்த்து ஒப்புக்கொண்டார். சன் கிறீமில் சிக்கல் வந்தது. பாமசிப் பெண் ஐம்பது என்று போட்ட போத்தலை நீட்டினாள்.

"ஐம்பதாம் நம்பரோ? ஐயோ தங்கச்சி, ஐம்பதால வள்ளத்தின்ர அடியைத்தான் தேய்க்கிறது. முகத்துக்கு நானூறு தாங்கோ."

"நானூறு இல்லை, அண்ணன். இதுதான் இருக்கிறதுக்குள்ள கூடினது."

"கூடினதெண்டா? கரடு கூடினதோ?"

அரத்தாளில் எண் ஏற ஏறத்தான் மென்மை கூடும். ஐம்பது என்றால் கையில் பிடிக்கவே குத்தும். இதை அவர் அந்தப் பெண்ணுக்குப் பத்து நிமிடம் விளக்கினார். அவள் இது வெயிலைத் தடுக்கிற அளவு, அரத்தாள் இல்லை என்று பத்து நிமிடம் விளக்கினாள். பின்னால் மருந்துத் துண்டோடு நின்ற ஆறு பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கடைசியில் ஒரு துளியை விரல்களுக்கிடையில் வைத்து உருட்டிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இது ஆயிரத்துக்கு மேல, பிள்ளை. நம்பரைப் பிழையா அடிச்சுப்போட்டாங்கள்" என்று என் காதில் சொல்லிவிட்டு, அவர்கள் கண்டுபிடிப்பதற்குள் போத்தலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

புதுக் கிறீமை முகத்தில் பூச முன் கையின் உட்பக்கத்தில் கொஞ்சம் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். மறுநாள் நசீர் நானா என்னிடம் வந்து இடது கையை நீட்டினார்.

"தங்கச்சி, இது என்ன? இவன் வந்து கேக்காமக் கொள்ளாமப் பூசிட்டுப் போறான். கழுவக் கூடாதாம், நாளைக்கு வந்து பாப்பானாம்."

"மாதிரி பாக்கிறது எப்பவும் வேற பலகையிலதான்" என்றார் பிறைமர் அண்ணன் வெளியே இருந்து.

அடுத்த நாளிலிருந்து என்னுடைய அலுவலகம் என்னுடையதாக இல்லை. ஏழு மணிக்கு வருவார். குழாயடியில் முகம் கழுவுவார். பிறகு என் மேசை ஃபேனுக்கு முன்னால் கதிரையைப் போட்டு, மொயிஸ்சரைசரைப் பூசிக் கண்ணை மூடி இருப்பார். முதல் கோட் காயாமல் அடுத்த கோட் அடிக்க மாட்டார். நான் சொன்னது இரண்டு நிமிடம். அவர் எடுத்தது இருபது. கடிதங்கள் பறந்தன. கதிரையின் பின்னால் "ஈரம், தொடாதீர்கள்" என்ற தளத்துப் பலகை தொங்கியது. மனேஜர் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, கதிரைக்குத்தான் பெயின்ற் அடித்திருக்கிறது என்று நினைத்து, ஒதுங்கிப் போனார்.

சன் கிறீம் பூசுவது தனிக் காட்சி. அவர் அதைப் பூசவில்லை, அடித்தார். மேலிருந்து கீழே ஒரு தடவை, இடமிருந்து வலம் ஒரு தடவை. தேய்த்து உள்ளே விடுவது அவருக்குப் பிடிக்காத வேலை. தேய்த்தால் பூச்சு மெல்லிசாகிவிடுமாம். முடிந்ததும் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராக இருக்கும். பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் கிறீமை எடுத்துக்கொண்டு படகிலிருந்து இறங்குவார்.

"எங்க போறாய்?" என்று மனேஜர் கேட்டால், "ரெண்டாம் கோட், சேர்."

முதல் சனிக்கிழமை நடந்ததை இன்னும் ஒருவரும் மறக்கவில்லை. கிறீம் மீசையிலும் புருவத்திலும் ஏறி அசிங்கமாக இருக்கிறது என்று நசீர் நானா நக்கல் அடித்திருந்தார். தொழில்காரரைப் பார்த்து ஓரம் சரியில்லை என்று சொல்லலாமா? பிறைமர் அண்ணன் நேரே களஞ்சியத்துக்குப் போனார். பெயின்ற் ஓரம் நேராக வருவதற்கு ஒட்டுகிற கடதாசி நாடா ஒன்று இருக்கிறது. அதை அளவாகக் கிழித்து, இரண்டு புருவத்தின் மேலும், மீசையின் மேலும், நெற்றி மயிரின் ஓரத்திலும் ஒட்டினார். உடைந்த கண்ணாடியில் பார்த்துக் கிறீமை அடித்தார். நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்றோம். உண்மையைச் சொல்ல வேண்டும், ஓரம் நூல் பிடித்த மாதிரி இருந்தது.

பிறகு நாடாவைக் கழற்றினார். படகில் கழற்றுவது போலவே, ஒரே இழுவையில்.

அந்தச் சத்தம் உள்துறைமுகத்தின் மறுகரை வரை போனதாக நசீர் நானா சொல்வார். நாடாவோடு இடது புருவத்தின் பாதி வந்துவிட்டது. பிறைமர் அண்ணன் நாடாவைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த மயிரை எண்ணுகிற மாதிரி நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல ஒட்டு" என்றார்.

திங்கட்கிழமை நான் பயந்துகொண்டு வாசலில் நின்றேன். அரைப் புருவத்தோடு போய் வெள்ளை முகத்தை நீட்டினார். "தேங்க் யூ" என்றது மெசின். செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. நாள் தவறாமல், முதல் தடவையிலேயே. என்னுடைய அரைத்தாள் வேலை செய்கிறது என்று நான் உள்ளுக்குள் பூரித்துப் போனேன். அதை வீட்டில் அம்மாவிடமும் சொன்னேன். "பள்ளிக்கூடத்தில இதுவும் படிப்பிச்சவங்களோ?" என்று கேட்டா. ஓம் என்றேன்.

மூன்றாவது கிழமை அவருடைய மனைவி அலுவலகத்துக்கு வந்தா. குடையை மடிக்காமலே கதவடியில் நின்றா.

"நீங்களோ பிள்ளை தாள் எழுதிக் குடுத்தது?"

"ஓம் அக்கா."

"முப்பது வருசம் அந்த மனிசனோட தின்னர் மணத்தில சீவிச்சனான். இப்ப ரோசாப்பூ மணக்குது. படுக்க முன்னம் முகம் கழுவுறார். தலையணை உறையை மாத்தச் சொல்லுறார். சனம் என்ன கதைக்குது தெரியுமோ? இந்த வயசில ஆருக்கு இந்த மினுக்கு?"

"மெசினுக்கு அக்கா" என்றேன்.

அவ என்னை நம்பவில்லை. வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவ குடையைச் சாய்த்துவிட்டு மெசினை மேலும் கீழும் பார்த்தா. அந்த நேரம் யாரோ அதன்முன் நிற்க, பெண் குரல் "தேங்க் யூ" என்றது.

"இந்தக் குரலோ?" என்றா. பிறகு கொஞ்சம் யோசித்து, "சரி, பட்டியல் வரும் வரைக்கும்தானே" என்று சொல்லிவிட்டு, "அந்த ரெண்டாவது கிறீம், கைக்கும் பூசலாமோ?" என்று மெல்லக் கேட்டா.

முகம் உண்மையாகவே மாறியிருந்தது. பின்னேரம் கழுவிவிட்டு வரும்போது செதில் இல்லை, எரிவு இல்லை. நாலு நிறம் ஒரு நிறமாகி, நல்ல மாநிறம். காலையில் மட்டும் சுண்ணாம்புச் சுவர். என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. நான் எழுதிக் கொடுத்த முறை பிழையாகச் செய்யப்படுகிறதே என்று ஒரு ஆற்றாமை. முப்பது நாளில் நாலு நாள் மிஞ்சியிருக்கையில் அவரை உட்கார வைத்துக் கண்டிப்பாகச் சொன்னேன்.

"அண்ணன், இப்படி வெள்ளையா நிக்கக் கூடாது. ரெண்டு விரல் நீளத்துக்கு எடுத்து, முகம் கழுத்து காது எல்லாம் பரப்பி, வெள்ளை மறையுமட்டும் பூசுங்கோ. பூசினதே தெரியக் கூடாது."

"தெரியாட்டி அது பெயின்றோ?"

"இது வார்னிஷ் எண்டு நினையுங்கோ."

அது அவருக்கு விளங்கியது. மறுநாள் காலை அவர் கதிரையை விட்டு எழும்பியபோது எனக்கே ஆளைத் தெரியவில்லை. தெளிவான, அமைதியான ஒரு முகம். நசீர் நானாகூட நக்கல் அடிக்கவில்லை.

மெசின் "ட்ரை அகெய்ன்" என்றது.

பதினொரு தடவை சொன்னது. எட்டு மணிக்கு வரவு மூடுகிற வரை அவர் அதன்முன் நின்றார். அன்றோடு மூன்றாவது தவறும் போய்விட்டது. இனி மூன்று நாள். ஒன்று தவறினாலும் பதினெட்டு வருடமும் போச்சு. அவர் அன்று மெசினிடம் ஒன்றும் சொல்லவில்லை. படகின் அடியில் போய் உட்கார்ந்து, ஏற்கெனவே மழுமழுவென்று இருந்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

நான் கொம்பியூட்டரில் அவருடைய பதிவைத் திறந்தேன். அதில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் முழுக்கப் பட்டித் தூசு. அப்போதுதான் தேய்ப்பை விட்டு வந்து வரிசையில் நின்றிருக்கிறார். வெள்ளை மாவில் இரண்டு கண்ணும் ஒரு மீசையும். முகத்தைக் கழுவிவிட்டு வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அரை நிமிடத்தில் பதிந்தது நான். தூசோடு வந்த நாளெல்லாம் மெசினுக்கு அவரைத் தெரிந்தது. மழை நாளில் சுத்தமாக வந்தார், தெரியவில்லை. பிறகு சன் கிறீம் சுண்ணாம்பு அடித்தார், தெரிந்தது. நான் ஒழுங்காகப் பூசக் கற்றுக் கொடுத்தேன், தெரியாமல் போனது.

மனேஜரிடம் ஓடினேன். அவர் கையை விரித்தார். "திரும்பப் பதிஞ்சா புது ஆள் எண்டுதான் வரும், நாள் ஒண்டிலிருந்து தொடங்கும். மெசின் பூட்ட வந்தவர் சொன்னவர்."

பிறைமர் அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பதிந்தது என் பிழை என்பதையும் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கும் நேரம் எடுத்தது.

அவர் சிரித்தார். "இவ்வளவுதானோ? அப்ப நாளைக்குத் தடிப்பா அடிக்கிறன்."

மறுநாள் காலை போத்தலைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. படகு கணக்கில் அடித்த கிறீம் எவ்வளவு நாளைக்கு வரும்? பாமசி ஒன்பதுக்குத்தான் திறக்கும். மணி ஏழே முக்கால். அவர் எழும்பி, முதல் நாள் தேய்த்த படகடிக்குப் போய், இரண்டு கையாலும் பட்டித் தூசை அள்ளினார்.

"வேண்டாம் அண்ணன்! முகம் பழையபடி போயிடும்."

"முகம் போனா ஒரு மாசத்தில திருப்பி எடுக்கலாம் எண்டு நீங்கதானே காட்டித் தந்தனீங்கள். பட்டியல் போனா?"

கண்ணை மூடிக்கொண்டு பூசினார். மெசின் "தேங்க் யூ" என்றது. மத்தியானத்துக்குள் கன்னம் இரண்டும் கொப்புளித்துச் சிவந்துவிட்டது. எத்தனை தரம் கழுவியும் எரிந்துகொண்டே இருந்தது. நாளைக்கும் மறுநாளும் இப்படித்தான் என்று சாதாரணமாகச் சொன்னார். என்னால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று பின்னேரம் அலுமாரியின் அடியிலிருந்து மெசினோடு வந்த சிறிய ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தேன். பிளாஸ்ரிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பூட்ட வந்தவர் வாயால் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை. வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் செய்கிற வேலையா இது? நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது. ஆளின் இலக்கத்தை மாற்றாமல், வரவையும் தொடாமல், படத்தை மட்டும் மாற்றலாம். நாலு வரிதான்.

மறுநாள் ஏழு மணிக்கு மனேஜரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அவரை வாசலுக்குக் கூப்பிட்டேன். தூசு அள்ளப் போன கையோடு வந்தார். கழுவிவிட்டு வரச் சொன்னேன். இந்தத் தடவை அவசரப்படவில்லை. முகத்துக்கு நேரே வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து நிற்க வைத்தேன்.

"எத்தனை கோட் வேணும், பிள்ளை?"

"ஒண்டும் வேண்டாம். சும்மா நில்லுங்கோ."

படம் திரையில் வந்தது. சிவந்த கன்னம், வளர்ந்துகொண்டிருக்கும் அரைப் புருவம், கொஞ்சம் பயந்த கண். அவர் கிட்டப் போய் உற்றுப் பார்த்தார்.

"இது ஆர் பிள்ளை, என்ர தம்பி மாதிரிக் கிடக்கு?"

மெசின் "தேங்க் யூ" என்றது. மனேஜர் என்னைப் பார்த்து, "இந்தப் பக்கத்தை முதலே பாத்திருக்கலாமே" என்றார். நான் அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து, புத்தகத்தை என் மேசைமேலேயே வைத்தேன்.

முப்பதாம் நாள் முடிந்து நிரந்தரமாவோரின் பட்டியல் தயாரானது. அதைத் தட்டச்சு செய்தது நான். பத்தொன்பது பேர். பிறைமர் அண்ணனின் சொந்தப் பெயரும் அதில் இருந்தது; சற்று நீளம், நடுவில் ஒரு கஷ்டமான எழுத்தும் வரும். பதினெட்டுப் பேரின் பெயரை ஒரு தடவை சரிபார்த்தேன். அவருடையதை எத்தனை தடவை என்று சொன்னால் சிரிப்பீர்கள்.